சுந்தரபாண்டியின் வளைவுக் குழாயும் பாதுகாப்பு வாரமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரும்பைப் பற்றவைப்பது பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன் நான். காலண்டரில் அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்துவிட்டால் முதலாளி என்னைத்தான் தேடுவார். ஆனால் ‘உலோகப் பற்றவைப்புக்கும் வெட்டுதலுக்கும் பரிந்துரைக்கப்படும் நடைமுறைகளும் பாதுகாப்புத் தரங்களும்’ என்ற புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த மனிதன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். எழுதியவர்களே படித்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் அதில் பதினோராம் பக்கமும் பத்தொன்பதாம் பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இது தவறுதலா என்று எழுதிக் கேட்டேன். ‘பாதுகாப்புக் கருதி இரண்டும் இருக்கட்டும்’ என்று பதில் வந்தது.

புத்தகத்தைப் போட்டது ‘மாநில உலோகப் பற்றவைப்பு மற்றும் வெட்டுதல் பாதுகாப்புப் பரிந்துரைக் கழகம்’. சென்னையில் மாடிக் கட்டடம், வாசலில் பாரா, உள்ளே பரிந்துரை. அதில் இரண்டு பிரிவுகள் இருந்தன. இரும்பை ஒட்டுவதற்கு ஒரு பிரிவு, அறுப்பதற்கு ஒரு பிரிவு. பற்றுப் பிரிவும் வெட்டுப் பிரிவும் ஒரே மாடியில் இருந்தாலும், யாருடைய அறைக்குப் பெரிய ஜன்னல் என்பதில் ஏதோ மனஸ்தாபமாகி, முகம் பார்த்துப் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். இதைப் பிற்பாடு அவர்களே எங்களிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

அறுபத்தொன்றாம் வருஷம் மாசி மாதம் கழகம் தன் பாதுகாப்பு வாரத்தைச் சிவகாசியில் கொண்டாடுவதென்று முடிவுசெய்தது. ‘தீ விபத்துக்கு இதைவிட வாய்ப்பான ஊர் எங்கள் ஆய்வில் கிடைக்கவில்லை’ என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தார்கள். நான்தான் அச்சுக் கோத்ததைச் சரிபார்த்தேன். ‘வாய்ப்பான’ என்பதை எடுத்துவிடலாமே என்று ஓரத்தில் குறித்தேன். வேண்டாமாம்.

எங்கள் அச்சகத்துக்கு எதிர்ச்சாரியில் ரத்தினசாமியின் வெல்டிங் பட்டறை. தகரக் கொட்டகை, ஒரு காஸ் சிலிண்டர், ஒரு கார்பைடு டிரம், ஒரு இரும்பு மேஜை, அவ்வளவுதான் சொத்து. கலப்பைக் கொழுவிலிருந்து பட்டாசுக் கம்பெனி கேட் வரைக்கும் அங்கேதான் ஒட்டுவார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டாசுக் கம்பெனிக்குள் கீல் ஒன்று விட்டுப்போனால்கூட வெல்டிங்காரரை உள்ளே கூப்பிட மாட்டார்கள். கேட்டையே மொத்தமாகக் கழற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி, ஊர் நடுவே ஊர்வலமாகக் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டு போவார்கள். அதுவரை கம்பெனிக்கு வாசல் இருக்காது. வாட்ச்மேன் வாசல் இருந்த இடத்தில் குறுக்கே கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். இதையெல்லாம் யாரும் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை.

அந்த மாசியில் ஒருநாள் காலை, ஏழாயிரம்பண்ணையிலிருந்து முதல் பஸ்ஸில் சுந்தரபாண்டி வந்து இறங்கினார். தோளில் ஒரு சாக்கு. சாக்குக்குள் அவருடைய பம்பின் வளைவுக் குழாய். கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வரும் குழாய் மேலே வந்து திரும்புகிற இடம் அது. அதில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்து காற்று வாங்கியது. எஞ்சின் பாட்டுக்கு ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிப் பார்த்தார், தாரைக் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. போன வருஷம்தான் கமலையில் தண்ணீர் இறைத்த மாட்டை விற்று எஞ்சின் வாங்கியிருந்தார். தோட்டத்தில் மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது. வேறு வெள்ளாமை கிடையாது. அந்த மிளகாயை நம்பித்தான் அடுத்த ஆடி வரைக்கும் அவர் வீட்டு அடுப்பு.

ரத்தினசாமி குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா அண்ணாச்சி? நான் என்னமோ எஞ்சினே வெடிச்சுப் போச்சோன்னு பயந்தேன். போயி ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க. ஒட்டி வச்சிருதேன்.”

“பத்து மணி பஸ்ஸப் பிடிச்சிரலாமா?”

“பஸ்ஸு வரதுக்கு முன்னாடியே நீங்க போயி நின்னு வெயில்ல காயணும்.”

சுந்தரபாண்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரத்தினசாமி தன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காஸைத் திறந்து பற்றவைத்தார். நீலச் சுடர் சீறியது. அந்த நேரம் பார்த்தா கழகத்தின் ஜீப் வந்து நிற்க வேண்டும்!

“நிறுத்துங்கள்!”

ஜீப்பிலிருந்து இறங்கியவர் கனகசபாபதி. கழகத்தின் தலைமைப் பரிந்துரையாளர். வெள்ளைக் கால்சட்டை, கழுத்துப் பட்டை, அக்குளில் நான் மெய்ப்புத் திருத்திய புத்தகம். அவருக்குப் பின்னால் லட்சுமிகாந்தம், வெட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர், கையில் அளவு டேப்போடு வந்தார். ரத்தினசாமி பயந்துபோய்ச் சுடரை அணைத்தார்.

கனகசபாபதி பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“லட்சுமிகாந்தம், பாருங்கள். எரிவாயு இருக்கிறது. இரும்பு இருக்கிறது. தொழிலாளி இருக்கிறார். வாடிக்கையாளர்கூட இருக்கிறார். நம் நூலில் நாம் கற்பனையாக எழுதியதெல்லாம் உண்மையிலேயே இருக்கிறது! இதுதான் நமது மாதிரிப் பட்டறை.”

லட்சுமிகாந்தம் உடனே வளைவுக் குழாயில் ஒரு அட்டையைக் கட்டினார். அட்டையில் ‘காட்சிப் பொருள் – தொடாதீர்’ என்று எழுதியிருந்தது.

“சார், அது என் கொளாய்” என்றார் சுந்தரபாண்டி.

“சற்று முன்பு வரை” என்றார் லட்சுமிகாந்தம்.

“ஒட்டிட்டுக் குடுத்தா நான் பாட்டுக்குப் போயிருவேன் சார்.”

“நீங்கள் கொடுத்துவைத்தவர்” என்றார் கனகசபாபதி. “வார இறுதியில் விழா. முதல் பொருளாக உங்கள் குழாயைத்தான் எடுக்கப்போகிறோம். கழகத்தின் கையாலேயே.”

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் இந்த ஊரில் எந்தப் பட்டறையிலும் சுடர் எரியக் கூடாது. பாதுகாப்பு வாரத்தில் விபத்து நடந்தால் கழகத்துக்கு எவ்வளவு அவமானம்! பற்றவைத்தால்தானே விபத்து? அதனால் நிறுத்திவைத்திருக்கிறோம்.”

சுந்தரபாண்டி தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“மொளகா காய்ஞ்சு போயிரும் சார். பூவும் பிஞ்சுமா நிக்குது.”

கனகசபாபதி புத்தகத்தின் பொருளடக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை.

“மிளகாய் எங்கள் நூலில் இல்லை” என்றார்.

ரத்தினசாமியின் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அது அங்கீகாரம் பெறாத கண்ணாடியாம்.

அன்றிலிருந்து சுந்தரபாண்டி காலை பஸ்ஸில் வந்து எங்கள் அச்சகப் படியில் உட்கார்ந்திருப்பார், சாயங்கால பஸ்ஸில் போவார். எதிரே மேஜையில் அவருடைய குழாய் கழுத்தில் அட்டையோடு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. விட்டுவிட்டுப் போனால் அதை வேறு எங்காவது கொண்டுபோய்விடுவார்களோ என்று பயம். விழா நோட்டீஸை அச்சடித்துக் கொடுக்கிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல?

வரவேற்புக் குழுத் தலைவர் பட்டாசுக் கம்பெனி முதலாளி சீனிவாசகம். அவர் ஒரு தனிப் பிறவி. ரயிலிலிருந்து கால்சட்டை போட்ட யார் இறங்கினாலும், எந்த இலாகா என்று கேட்பதற்குள் மாலையை வாங்கிவைத்துவிடுவார். “எந்த இலாகாவா இருந்தா என்ன? என்னைக்காவது ஒரு நாள் நம்ம கம்பெனிப் பக்கம் வரத்தான போறாக” என்பார்.

விழாவுக்கு முன்னால் ஒத்திகை வைத்தார்கள். அதில்தான் முதல் சிக்கல் வந்தது. நூலின் நான்காம் விதிப்படி, சுடர் பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி முப்பத்தைந்து அடிக்குள் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் இருந்தால் அகற்ற வேண்டும். லட்சுமிகாந்தம் டேப்பைப் பிடித்துக்கொண்டு வளைய வந்து தேடினார். மீட்டர் கணக்கு வந்துகொண்டிருந்த காலம், ஆனால் கழகத்தின் டேப் இன்னும் அடியில்தான் இருந்தது. கந்தல் துணிகூட அகப்படவில்லை. தலைமைப் பரிந்துரையாளருக்கு முகம் சுண்டிவிட்டது.

“அகற்றுவதற்கு ஒன்றுமே இல்லையென்றால் அகற்றிக் காட்டுவது எப்படி? நான்காம் விதியை நிறைவேற்றாமல் ஐந்தாம் விதிக்குப் போக முடியாது. சீனிவாசகம் அவர்களே, உங்களிடம் எளிதில் தீப்பற்றும் பொருள் ஏதாவது இருக்குமா?”

பட்டாசு முதலாளியிடம் கேட்கிற கேள்வியா இது! சீனிவாசகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மறுநாள் லேபிள் ஒட்டிய காலிப் பெட்டிகளை வண்டியில் அனுப்பினார். லட்சுமிகாந்தம் ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

“காலியாக இருக்கிறது. காலிப் பெட்டியை அகற்றுவது பொதுமக்களை ஏமாற்றுவது” என்றார்.

“சார், நெசச் சரக்க வெல்டிங் பட்டறைக்குக் கொண்டாந்தா…” என்று இழுத்தார் சீனிவாசகம்.

“கொண்டுவந்தால்தானே ஆபத்து வரும்? ஆபத்து வந்தால்தானே அகற்ற முடியும்?”

சீனிவாசகம் வண்டியைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினார். ஊர் தோன்றிய நாளிலிருந்து முதன்முறையாக ஒரு வெல்டிங் பட்டறைக்குள் அசல் சரவெடிப் பெட்டிகள் வந்து இறங்கின. சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சொல்லாமலே சுருட்டை அணைத்துவிட்டார்கள். கனகசபாபதி விசில் ஊதினார். ஆட்கள் பெட்டிகளைத் தூக்கினார்கள். லட்சுமிகாந்தம் டேப்பை இழுத்துக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்து, முப்பத்தைந்து அடி முடிந்த இடத்தில் காலால் ஒரு கோடு போட்டு, “இங்கே இறக்குங்கள்” என்றார். அது பொன்னுத்தங்கம் டீக்கடையின் கரியடுப்புக்கு இந்தப் பக்கம். கொதித்துக்கொண்டிருந்த பாய்லருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பெஞ்சுதான் இருந்தது.

“சார்! அடுப்பு எரியுது சார்!” என்று கத்தினார் சீனிவாசகம்.

“அது டீக்கடை. எங்கள் நூல் பற்றவைப்பையும் வெட்டுதலையும் மட்டும்தான் பேசுகிறது.”

வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சீனிவாசகமே பாய்ந்தார். வண்டிக்காரன் பாய்ந்தான். பாய்லரைத் தூக்கிக்கொண்டு பொன்னுத்தங்கம் ஒரு பக்கம் ஓட, பெட்டிகள் இன்னொரு பக்கம் பறந்தன. கண்மூடித் திறப்பதற்குள் வண்டி ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு முதலாளி வெறுங்காலோடு சரக்கு வண்டிக்குப் பின்னால் ஓடியதை நான் அன்றுதான் பார்த்தேன். கனகசபாபதி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அகற்றும் பணி எதிர்பார்த்ததைவிட விரைவாக நடந்தது என்று குறித்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் சுந்தரபாண்டியைத் தேடி அவர் மனைவி கருப்பம்மாள் வந்துவிட்டாள். கையில் துணி சுற்றியிருந்தது. எஞ்சின் நின்ற நாளிலிருந்து கிணற்றில் கயிறு போட்டு வாளியால் இறைத்து, குடத்தில் சுமந்து, செடிச் செடியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். பட்டறை வாசலில் வரிசையாகச் சிவப்பு வாளிகள் தொங்குவதைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர். சிவகாசியில் மாசி மாதம் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்ப்பது அரிது. தெருப் பெண்கள் கண்வைத்துவிடுவார்கள் என்று ஒரு போலீஸ்காரரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள்.

“இந்தத் தண்ணி எதுக்கு வச்சிருக்கீக?” என்று லட்சுமிகாந்தத்தைக் கேட்டாள்.

“தீப்பிடித்தால் அணைப்பதற்கு.”

“தீ எப்பப் பிடிக்கும்?”

“பற்றவைக்கும்போது பிடிக்கலாம்.”

“எப்பப் பத்த வைப்பீக?”

“பாதுகாப்பு முழுமையானதும்.”

“அப்பத் தீயே பிடிக்காதுல்ல? பெறகு தண்ணி எதுக்கு? குடுங்க, என் செடிக்காச்சும் ஊத்துதேன்.”

லட்சுமிகாந்தம் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்தார். கருப்பம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“பிஞ்சு தொங்கிப்போச்சு. மேக்காலப் பாத்தியெல்லாம் எலை சுருண்டுருச்சு. நீரு இங்கன ஒக்காந்து கொளாய்க்குக் காவல் காக்குறீரா?”

“நாளைக்கு முடிஞ்சிரும் கருப்பு. முதல் வேலை நம்மளோடதுதான்னு பெரிய சார் வாக்குக் குடுத்திருக்காரு” என்றார் சுந்தரபாண்டி. அவர் அதை நம்பினார். அதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

விழா நாளும் வந்தது. பட்டறை முன்னால் பந்தல், வாழைமரம், மைக்செட். கழகம் வரவழைத்த பாதுகாப்புக் கண்ணாடிப் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் ஒரே ஒரு கண்ணாடி. கனகசபாபதி கொஞ்சமும் தடுமாறவில்லை. பதவி வரிசைப்படி அதைத் தான் அணிந்துகொண்டு மைக் முன்னால் போய் நின்றார்.

“பெரியோர்களே! பற்றவைப்புச் சுடரை வெறும் கண்ணால் பார்த்தால் பார்வை கெடும் என்பது ஒன்பதாம் விதி. ஆகவே கண்ணாடி இல்லாத அனைவரும், வேலை செய்பவர் உட்பட, சுடர் எரியும் நேரம் முழுவதும் கண்ணை மூடிக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். எங்கள் கழகம் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் அலுவலர் ஒருவருக்குக்கூட ஒரு தீக்காயம் கிடையாது. ஒரு கொப்புளம் கிடையாது. எப்படி முடிந்தது? நாங்கள் யாரும் இன்று வரை சுடரைத் தொட்டதே இல்லை! அந்த உயர்ந்த நிலைக்கு இந்த நாட்டின் ஒவ்வொரு தொழிலாளியும் வர வேண்டும் என்பதே எங்கள் கனவு.”

கைதட்டல். ரத்தினசாமியும் தட்டினார், என்ன கேட்டோம் என்று யோசிப்பதற்குள் கை தட்டிவிட்டது.

“எங்களை, ஒட்டத் தெரியுமா, அறுக்கத் தெரியுமா என்று சிலர் கேட்கிறார்கள். நீதிபதிக்குத் திருடத் தெரிய வேண்டுமா?” இதற்கும் கைதட்டல். “இப்போது திரு லட்சுமிகாந்தம் அவர்கள் முதன்முறையாகச் சுடரைக் கையில் ஏந்துவார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்து வழிநடத்துவேன். எல்லாரும் கண்ணை மூடுங்கள்.”

எல்லாரும் மூடினோம். போட்டோக்காரரும் மூடிக்கொண்டார். சுந்தரபாண்டி முன்வரிசையில் துண்டை இடுப்பில் கட்டி, கைகூப்பி, கண்ணை இறுக்க மூடி நின்றார். பக்கத்தில் கருப்பம்மாள். சுடர் சீறும் சத்தம் கேட்டது. சூடான இரும்பின் வாசனை வந்தது.

“நமக்குத்தான் கருப்பு, நம்ம கொளாய்தான்” என்று சுந்தரபாண்டி சொன்னது என் காதில் விழுந்தது.

“இடது பக்கம்… இன்னும் கொஞ்சம்… வலது… இல்லை, உங்கள் வலது” என்று கனகசபாபதி வழிநடத்திக்கொண்டிருந்தார்.

சீறல் திடீரென்று மாறியது. பெரிதாக, காற்றைக் கிழிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் ரத்தினசாமிக்குத் தெரியும். “அய்யய்யோ, கொளாய அறுக்காக! சார், அறுக்காக!” என்று அலறினார். அலறியது யார் காதில் விழும்? எங்கள் ஊரில் நல்ல காரியம் தொடங்கும் கணத்தில் சரவெடி போட வேண்டும். சீனிவாசகத்தின் ஆட்கள் தெருக்கோடியில் திரியில் நெருப்பு வைத்துவிட்டார்கள். படபடவென்று வெடித்த வெடியில் ஊரே அதிர்ந்தது. சரம் வெடித்து ஓய்வதும், “கண்ணைத் திறக்கலாம்” என்று மைக்கில் வருவதும் சரியாக இருந்தது.

மேஜையில் குழாய் மூன்று துண்டாகக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு அறுத்ததால் ஒரு துண்டின் விளிம்பு போன திசைக்கு அடுத்த துண்டின் விளிம்பு போகவில்லை. நடுத்துண்டில் அந்த விரிசல் இருந்தது. கனகசபாபதி அதை இடுக்கியால் தூக்கிக் காட்டினார்.

“பாருங்கள்! இந்தக் குழாயில் அபாயமான விரிசல் ஒன்று இருந்தது. அதை முழுமையாக நீக்கிவிட்டோம். யாருக்கும் ஒரு சிராய்ப்பு கிடையாது!”

நடுத்துண்டு வெல்வெட் பெட்டிக்குள் போனது. சென்னையில் கழகத்தின் காட்சிச்சாலையில் வைப்பார்களாம். சுந்தரபாண்டி மேஜையருகே வந்து மிச்சமிருந்த இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்து ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார்.

“சார், ஒட்டுறது?”

“அது பற்றுப் பிரிவு. அவர்கள் வாரம் அடுத்த ஆண்டு. எங்கே என்று எங்களிடம் சொல்ல மாட்டார்கள்” என்றார் லட்சுமிகாந்தம்.

சுந்தரபாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்து, அத்தனை ஜனத்துக்கு முன்னால், வாய்விட்டு அழுதார். கருப்பம்மாள் அழவில்லை. துண்டுகளை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, “எந்திரிங்க, பஸ்ஸு போயிரும்” என்றாள்.

ரத்தினசாமிக்கு மனது கேட்கவில்லை. மதுரைக்கு ஆள் அனுப்பிக் குழாய் வாங்கி, புதிதாக வளைத்து, தானே ஏழாயிரம்பண்ணைக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தார். எஞ்சின் ஓடியது. தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்து வாய்க்காலில் பாய்ந்தது. குடிக்கத்தான் செடி இல்லை. மிளகாய் அத்தனையும் நின்ற நிலையிலேயே, காயும் சருகுமாகக் காய்ந்து போயிருந்தது.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். பங்குனியில் கழகம் ‘பயன் மதிப்பீடு’ செய்ய வந்தது. பாதுகாப்பு வாரத்தால் பயனடைந்தவரைப் பார்த்து, அவர் வாயால் நாலு வார்த்தை வாங்கி, நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்க்க வேண்டுமாம். குறிப்பெடுக்க என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

தோட்டத்தில் கருப்பம்மாள் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னாள். மரியாதைக்குக் குறைவில்லை. சுந்தரபாண்டி எஞ்சின் கொட்டகை நிழலில் நின்றார். கனகசபாபதி தமக்குக் காட்டுவதற்காக ஓட்டிவிட்ட எஞ்சினைப் பார்த்தார், புதுக் குழாயைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு செடிகளைப் பார்த்தார். அவர் புருவம் நெரிந்தது.

“லட்சுமிகாந்தம், அளந்து பாருங்கள்.”

லட்சுமிகாந்தம் எஞ்சினிலிருந்து டேப்பை இழுத்தார். முதல் பாத்தி பக்கத்திலேயே இருந்தது.

“முப்பத்தைந்து அடிக்குள் வருகிறது ஐயா. முற்றிலும் உலர்ந்த செடி.”

“அம்மா” என்றார் கனகசபாபதி வருத்தத்தோடு, “இவ்வளவு பாடுபட்டுப் பாதுகாப்பைச் சொல்லிக் கொடுத்தும் இப்படி வைத்திருக்கிறீர்களே. எளிதில் தீப்பற்றும் பொருள். எஞ்சின் பக்கத்தில் இருக்கலாமா? உடனே அகற்ற வேண்டும்.”

சுந்தரபாண்டி ஒரு அடி முன்னால் வந்தார். அவர் என்ன செய்திருப்பாரோ, கருப்பம்மாள் கையை நீட்டி மறித்துவிட்டாள்.

“பெரியவுக சொல்றது சரிதான. அகத்திருதோம் சார். எம்புட்டுத் தூரம் தள்ளி வைக்கணும்?”

“முப்பத்தைந்து அடி.”

“அந்த டேப்பக் குடுங்க.”

புருஷனும் பெஞ்சாதியுமாகச் செடிகளைப் பிடுங்கினார்கள். வேரோடு வந்தது, மண்ணே ஒட்டவில்லை. கருப்பம்மாள் எஞ்சினிலிருந்து டேப் பிடித்து, முப்பத்தைந்து அடிக்கு மேல் ஒரு அடி தாராளமாக விட்டு, கோடு போட்டுக் குவித்தாள். கட்டில் கிடந்த இடத்துக்கு நேர் தெற்கே. பங்குனியில் எங்கள் பக்கத்தில் காற்று எங்கிருந்து வீசுமென்று சென்னையில் எழுதிய நூலில் இல்லை. குவியல் ஆள் உயரத்துக்கு வந்தது. அத்தனையிலும் காய்ந்த காய் சலங்கை மாதிரிக் கலகலத்தது.

“குமிச்சு வச்சாலும் ஆபத்துத்தான சார்? ஒரேயடியா அகத்திருதேன்” என்று சொல்லி மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். “கண்ணாடி இருக்கவுக போட்டுக்கிடுங்க. இல்லாதவுக கண்ண மூடிக்கிடுங்க.”

கனகசபாபதி மகிழ்ந்துபோனார். “பார்த்தீர்களா லட்சுமிகாந்தம், ஒன்பதாம் விதி! நினைவில் வைத்திருக்கிறார்!” என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். லட்சுமிகாந்தம் கண்ணை மூடிக்கொண்டார். நான் விவரம் தெரிந்தவன், கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டேன்.

ஒரு தோட்டத்து மிளகாய் ஒன்றாக எரிந்தால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பில் நாலு வற்றல் விழுந்தாலே வீடு காலியாகிவிடும். தலைமைப் பரிந்துரையாளர் முதல் தும்மலில் புத்தகத்தைக் கீழே போட்டார். இரண்டாவதில் கண்ணாடி விழுந்தது. லட்சுமிகாந்தம் மூடிய கண்ணைத் திறக்கவே முடியாமல் வாய்க்காலில் போய் விழுந்து, புதுக் குழாயில் வந்த தண்ணீரை முகத்தில் அள்ளி அள்ளி அடித்துக்கொண்டார். ஜீப் டிரைவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓட, பின்னாலேயே இரண்டு பேரும் இருமிக்கொண்டு, தும்மிக்கொண்டு, வரப்பெல்லாம் இடறிக்கொண்டு ஓடினார்கள். “தண்ணீர்! தண்ணீர்!” என்று கனகசபாபதி கத்தியது கடைசி வரப்பு வரைக்கும் கேட்டது. என்னை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சுந்தரபாண்டி சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். நெடியாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை. கருப்பம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, எரிகிற தன் வெள்ளாமையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்புட்டும் காரம்” என்றாள். “வெலைக்குப் போயிருந்தா நல்ல வெலை போயிருக்கும்.”

அந்த வருஷம் அவர்கள் வீட்டு அடுப்பு சீனிவாசகம் கம்பெனியால்தான் எரிந்தது. சுந்தரபாண்டி லோடு ஏற்றப் போனார். சொந்த நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிய கையால் கருப்பம்மாள் திரி கிள்ளினாள். காலையில் கம்பெனி லாரியிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்தால் சுந்தரபாண்டி தலையைக் குனிந்துகொள்வார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

இரண்டாம் பதிப்பின் மெய்ப்பு ஐப்பசியில் என் மேஜைக்கு வந்தது. பதினோராம் பக்கமும் பத்தொன்பதாம் பக்கமும் அப்படியே இருந்தன. முன்னுரையில், மாதிரிப் பட்டறை மகத்தான வெற்றி என்று எழுதியிருந்தார்கள். சுந்தரபாண்டியின் பெயர் எங்கும் இல்லை. மற்றபடி ஒரு எழுத்து மாறவில்லை, பொருளடக்கத்தில் ‘மிளகாய்’ என்று ஒரு புதுத் தலைப்பு சேர்ந்திருந்ததைத் தவிர. அதன் கீழே ஒரே ஒரு விதி: ‘மிளகாய்ச் செடி எரியும்போது காற்று வீசும் திசையில் முப்பத்தைந்து அடி போதாது.’

வழக்கம்போல் சிவப்பு மையைத் தொட்டுக்கொண்டு படித்தேன். மொத்தப் புத்தகத்திலும் அந்த ஒரு வரியில்தான் பிழையே இல்லை.